சீனிக்கு ஒரு பொடி, பிள்ளைக்கு ஒரு லேகியம்

திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கத்து நாட்டுமருந்துக் கடைகளில் முப்பது, முப்பத்தைந்து வயது ஆட்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். சீனி வியாதிக்கு என்றால் ரோட்டில் நின்றபடியே சத்தமாக, "அண்ணாச்சி, ஆவாரம்பூப் பொடி நூறு கிராம்" என்பார்கள். மற்றதற்கு, அதாவது ஆண்மைக்கோ பிள்ளைக்கோ என்றால், கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, கல்லாப் பக்கம் குனிந்து பாதியைச் சொல்லுவார்கள், மீதியைக் கடைக்காரரே புரிந்துகொண்டு அமுக்கராவையும் (அஸ்வகந்தா) பூனைக்காலியையும் மடித்துக் கொடுப்பார். இரண்டையும் ஒரே ஆள் வாங்கிப்போவது இப்போது ரொம்பச் சாதாரணம். அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவன் பையில் பொட்டலம் இரண்டு இருக்கிறது, ஆனால் இரண்டாவது பொட்டலத்துக்கான காரணமே பல நேரம் முதல் வியாதிதான் என்பதை யாரும் அவனிடம் சொல்வதில்லை.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், நான் படித்தது தாவரவியல். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சில வருஷம் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் எத்தனால் என்ற ஆல்கஹாலை ஓடவிட்டுச் சத்து இறக்கிக் கொடுத்தவன். வைத்தியனும் இல்லை, டாக்டரும் இல்லை. என் அத்தை மகன் பலகாரப் பட்டறையில் வேலை பார்க்கிறவன், நாள் முழுக்க அடுப்படி. இளவயதிலேயே சுகர் வந்துவிட்டது, கல்யாணமாகிப் பிள்ளையும் தள்ளிப்போனது. ஒரு நாள் வாங்கி வைத்திருந்த டப்பாக்களை எல்லாம் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்து, "அத்தான், இதுல எது நெசம், எது டூப்புன்னு சொல்லுங்க" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன்.

ரத்தத்தில் குளுக்கோஸ் மாதக்கணக்கில் கூடியே இருந்தால் கண், கிட்னி, கால் கெடும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள். அந்தப் படத்தில் வரையாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. விறைப்பு என்பது ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து செய்கிற வேலை, சீனி வியாதி கெடுப்பதும் அந்த இரண்டையும்தான். சில பேருக்கு வியாதி இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளமே அதுவாக இருக்கும், அவர்கள் அதை 'நரம்புத் தளர்ச்சி' என்று நினைத்துக்கொண்டு லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியரைத் தேடிப் போவார்கள், சுகர் டெஸ்ட் பக்கம் போகமாட்டார்கள்.

விந்தணு கெடுகிற விதம் வேறு. சர்க்கரை கூடிய உடம்பில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் கூடும். விந்தணுவின் சவ்வில் அந்தச் சேதத்துக்கு எளிதில் ஆளாகிற கொழுப்பு அதிகம், உள்ளே பழுதுபார்க்கும் வசதியோ மிகக் குறைவு. அதனால் நீச்சல் குறையும், டி.என்.ஏ. இழைகள் அங்கங்கே அறுபடும். எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு தங்காமல் கலைவதற்கு இதுவும் ஒரு காரணம். தொப்பையும் இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்த ஆட்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருப்பதும் வழக்கம். இதற்கு மேல் அடுப்பு வெக்கை. விதைகள் உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், வெளியே தொங்குகிற மாதிரி படைத்திருப்பதே அதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம் ஊரில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நீண்ட நாள் சீனி வியாதியில் மூத்திரப்பையின் கழுத்தை மூடுகிற நரம்பு பழுதானால், உச்சத்தில் விந்து முன்னால் வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். உணர்ச்சி எல்லாம் இருக்கும், வெளியே வருவது சொட்டோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கும், பிறகு போகிற மூத்திரம் கலங்கலாக இருக்கும். உடனே "தாது வற்றிப்போச்சு" என்று பூனைக்காலி லேகியம் வாங்குவார்கள். தாது வற்றவில்லை, வழி மாறியிருக்கிறது. உறவுக்குப் பின் எடுத்த மூத்திரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணு தெரிந்துவிடும், அந்தப் பரிசோதனைக்கு ஆகிற செலவு ஒரு லேகிய டப்பாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதை எந்தக் கிழங்கும் சரி செய்யாது, ஆனால் இதற்கு மருந்தும் உண்டு, அந்த மூத்திரத்திலிருந்தே விந்தணுவைப் பிரித்துக் கரு உண்டாக்கும் வழியும் உண்டு.

சரி, செடிக்கு வருவோம்.

சீனி வியாதிக்கு என்று நம் பக்கம் சொல்கிற செடிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சிறுகுறிஞ்சான். மலையடிவாரப் புதர்களில், வேலிகளில் படர்ந்து கிடக்கும். இலையை நன்றாக மென்று நாக்கில் புரட்டிவிட்டு அல்வாவை வாயில் போட்டால் நெய்யில் வழுக்குகிற மாவு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது, சீனியை அள்ளிப் போட்டால் மணல். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் காட்டாமல் விடமாட்டோம். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரியில் போய் உட்கார்ந்துவிடும், அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான் இனிப்பு திரும்பும். இதைப் பார்த்ததும், இனிப்பையே அழிக்கிற இலை ரத்தத்துச் சர்க்கரையையும் அழிக்காதா என்று தோன்றும். நாக்கில் நடப்பதும் ரத்தத்தில் நடப்பதும் ஒன்று இல்லை. குறிஞ்சான் சத்து சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்பதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, அதற்கு மேல் பேச இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்லிச் சொல்லியே ஆவாரம்பூவுக்கு மவுசு கூடிவிட்டது. சித்த மருத்துவர்கள் தருகிற ஆவாரைக் குடிநீரில் ஆவாரை மட்டும் இல்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை எல்லாம் சேரும். இதில் கடலழிஞ்சிலின் வேலை தெளிவாகத் தெரிந்தது. சாப்பிட்ட மாவுச்சத்தைக் குடலில் குளுக்கோஸாக உடைக்கிற நொதியைத் தடுக்கும், அக்கார்போஸ் என்ற சுகர் மாத்திரை செய்கிற அதே வேலை. இலங்கையில் இதே இனத்துக் கொடியின் தடித்த கட்டையைக் குடைந்து குவளை செய்து தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பார்கள், நம் பக்கம் வேங்கை மரக் குவளை மாதிரி. வேங்கையைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே 1998ல் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்குத் தினம் 2 முதல் 4 கிராம் வரை சத்து கொடுத்தார்கள், பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் போலி மருந்து, அதாவது மருந்துப் பொருளே இல்லாத வெற்று மாத்திரை, கொடுத்து ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. புதிதாக வியாதி தெரிந்தவன் பயத்தில் சாப்பாட்டையும் குறைப்பான் இல்லையா, எது எவ்வளவு செய்தது என்று அங்கே பிரிக்க முடியாது. குவளையில் ராத்திரி ஊறிய தண்ணீரில் அந்த அளவு சத்து இறங்குமா என்பது தனிக் கேள்வி.

இங்கிலீஷ் மருந்து வேண்டாம், கிட்னியைக் கெடுத்துவிடும், மூலிகைதான் நல்லது என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை பிடிக்கத் தோன்றும். சுகருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு பயறு வகைச் செடி, ஊதாப் பூ பூக்கும், அங்கத்து நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டது. அதிலிருந்த கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் அப்படியே கொடுத்தால் நஞ்சு. அதே குடும்பத்துப் பொருள்களில் தேடித்தான் மெட்ஃபார்மினைப் பிடித்தார்கள், 1922ல் முதலில் தயாரித்தார்கள், 1957ல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். சர்க்கரையை மூத்திரத்தில் வெளியே தள்ளும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கு மூலம் 1835ல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையில் கண்டெடுத்த ஃபுளோரிசின். ஆக மாத்திரையும் செடியிலிருந்து கிளம்பியதுதான். நடுவில் எத்தனையோ வருஷம் அளவையும் நஞ்சையும் சோதித்தார்கள், அந்த வேலை நம் குறிஞ்சானுக்கும் ஆவாரைக்கும் இன்னும் முழுசாக நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி என்றால் சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நம்மூரில் எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்லுவாள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ருசி வேறு, சத்துகள் கொஞ்சம் கூட, சீனி சீனிதான்.

இனி ஆய்வகத்துக் கதை. டப்பாவில் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறார்களே, அந்த ஆய்வு பெரும்பாலும் எப்படி நடக்கும் தெரியுமா. எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி போட்டு இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொல்லுவார்கள். சர்க்கரை எகிறும். பிறகு செடியின் எத்தனால் சத்தை, எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று ஒரு கூட்டத்துக்கும் 400 என்று இன்னொரு கூட்டத்துக்கும் மூன்று நான்கு வாரம் வாய்வழியாகச் செலுத்துவார்கள். இன்னொரு கூட்டத்துக்கு கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை. கடைசியில் ரத்தம் எடுத்து, விந்தணுவையும் எண்ணினால் கட்டுரை தயார். "நீரிழிவு எலிகளில் ஆண் இனப்பெருக்கத் திறன்" என்று தலைப்பு.

முதல் சிக்கல் அந்த எலியே. அதற்கு இருப்பது இன்சுலின் செல் செத்துப்போன வியாதி. நம் பலகாரப் பட்டறை மாப்பிள்ளைக்கு இருப்பது இன்சுலின் இருந்தும் உடம்பு கேட்காத வியாதி. இரண்டாவது, சர்க்கரை குறைந்ததால் விந்தணு தேறியதா, செடி தனியாக அதற்கு ஏதும் செய்ததா என்று பிரிப்பது கஷ்டம். மாத்திரை கொடுத்த கூட்டத்திலும் விந்தணு கூடியிருந்தால் செடிக்கு என்ன தனிப் பெருமை என்று நான் கேட்டதுண்டு, கேட்டால் யாருக்கும் பிடிக்காது.

மூன்றாவது கணக்கு, இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. எலி அளவை மனுஷ அளவாக்க உடம்புப் பரப்பை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது, எலியின் அளவை சுமார் 6.2ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால் மனுஷனுக்குக் கிலோவுக்கு 65 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சத்து. கவனியுங்கள், பொடி இல்லை, சத்து. நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் சத்து இறங்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 3.9 கிராமுக்குத் தினமும் 39 கிராம் காய்ந்த இலைப் பொடி வேண்டும். டப்பாவில் போட்டிருப்பது என்ன? காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வெந்நீரில். அது பத்து கிராம்கூட வராது, அதுவும் வெந்நீரில் இறங்குவது எத்தனாலில் இறங்கும் அதே பொருள்களும் அல்ல. ஆகவே ஆய்வு உண்மையாக இருக்கலாம், டப்பாவும் கலப்படம் இல்லாததாக இருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலே போகலாம். இதைக் கேட்டு யாராவது ஒரு நாளைக்கு 39 கிராம் பொடி கரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயத்தைக் கணக்கில்லாமல் குடித்துக் கல்லீரல் பழுதாகி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும், கண் மஞ்சளானால் குடிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

பிள்ளைக்கான பொட்டலத்தில் இருப்பவற்றுக்கு எலியைத் தாண்டி மனுஷ ஆய்வுகள் கொஞ்சம் உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அமுக்கரா வேர்ச் சத்தைத் தினம் 675 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்து, விந்தணு குறைந்த 46 பேரில் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2013ல் வந்தது. எண்ணிக்கை 167 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, 46 பேர் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பூனைக்காலி விதைப் பொடியை 5 கிராம் பாலில் கலந்து மூன்று மாதம் கொடுத்து லக்னோவில் செய்த ஆய்வு 2009ல் வந்தது. டெஸ்டோஸ்டீரோன் கூடியது, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் குறைந்தது, எண்ணிக்கையும் நீச்சலும் தேறியது என்றார்கள். அதில் பிள்ளை பெற்ற ஆட்களோடுதான் ஒப்பிட்டார்கள், பிள்ளையில்லாதவர்களிலேயே போலி மருந்து சாப்பிட்ட குழு கிடையாது.

போலி மருந்துக் குழுவுக்கு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்றால், விந்தணு எண்ணிக்கை அப்படி ஆடுகிற சமாச்சாரம். ஒரே ஆளுக்கு இந்த மாதம் ஒரு மில்லியில் 90 லட்சம் வரும், அடுத்த மாதம் 2 கோடி வரும், காய்ச்சல் வந்து போயிருந்தால் மறுபடி இறங்கும். நாம் டெஸ்டுக்குப் போவது எண்ணிக்கை மோசமாக வந்த வேளையில்தான், மருந்து சாப்பிட ஆரம்பிப்பதும் அப்போதுதான். அடுத்த டெஸ்டில் அது தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். பாராட்டு லேகியத்துக்குப் போகும். ஊரில் "எனக்கு வேலை செஞ்சுது" என்று சொல்கிற பாதிப் பேர் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு ஏறியது நிஜம்.

பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற அதே பொருள். பொதிகை மலைக் காணிக்காரர்கள் அந்த விதையைச் சாப்பாட்டுக்கு எடுக்கும்போது பலமுறை வேகவைத்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் தின்பார்கள். சித்த வைத்தியத்திலும் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. கடையில் பச்சையாக இடித்து டப்பாவில் அடைக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். வாந்தி, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு என்று வந்தால் "உடம்பு சுத்தமாகுது" என்பான். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது, டென்மார்க் 2023ல் தடையே போட்டுவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகப் படுகிறது, இருந்தாலும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தன்னிஷ்டத்துக்குச் சாப்பிட வேண்டாம். அமுக்கரா சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கும். குறிஞ்சான், அமுக்கரா, அதோடு டாக்டர் கொடுத்த கிளிமிபிரைடு சுகர் மாத்திரை என்று மூன்றும் உள்ளே போய், மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழ வாய்ப்புண்டு. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இது விளையாட்டு இல்லை.

நெருஞ்சிலைப் பற்றி ஒரு வரி போதும், டெஸ்டோஸ்டீரோனைக் கூட்டும் என்று ஜிம்களில் விற்கிறார்கள், மனுஷர்களில் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் கூட்டவில்லை. ஓரிதழ்தாமரை, நிலப்பனங்கிழங்கு, நீர்முள்ளி மூன்றும் பழைய பேர் பெற்றவை, பெரும்பாலும் எலி ஆய்வோடு நிற்கிறவை.

மாப்பிள்ளையின் பையில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு ஒரு டப்பா. சீனி வியாதிக்கு என்று வேப்பிலை, பாகல், இன்னும் நாலைந்து கசப்பு சேர்த்த மாத்திரை. வேப்பிலைச் சத்து கொடுத்த ஆண் எலிகளில் விந்தணு குறைந்தது, சினைபிடிப்பு குறைந்தது என்று கட்டுரைகள் இருக்கின்றன. வேப்பெண்ணெய் விந்தணுவை நேரடியாகவே கொல்லும், அதைக் கருத்தடைப் பொருளாகக் கொண்டுவர இந்தியாவிலேயே ஆராய்ச்சி செய்தார்கள். பாகற்பழச் சத்து நாய்களில் விந்தணு உற்பத்தியைத் தடுத்தது என்று 1978லேயே எழுதியிருக்கிறார்கள். எலிக்கும் நாய்க்கும் நடந்தது இவனுக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, மேலே எலி ஆய்வை அவ்வளவு திட்டிவிட்டு இதை மட்டும் நம்பு என்றால் நியாயம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பாகற்காய் பொரியல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கையில் விந்தணுவைக் கூட்ட ஒரு சத்து, இன்னொரு கையில் அதைக் குறைக்கும் என்று சந்தேகப்படுகிற சத்து, இரண்டையும் மாதக்கணக்கில் செறிவாக விழுங்குவது எதற்கு? பிள்ளை வேண்டுகிற காலத்தில் அந்தக் கசப்பு மாத்திரையை ஒதுக்கி வை என்றேன்.

செடிக்கு அப்படிப்பட்ட சக்தி இருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குப் பருத்திக்கொட்டைக் கதை இருக்கிறது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் பிள்ளைப்பேறே குறைந்துபோனதைப் பார்த்து, அதிலிருந்த காசிப்பால் (gossypol) என்ற பொருளை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கப் பார்த்தார்கள். 1970களில் 8000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்தார்கள். விந்தணு நின்றது, சந்தேகமே இல்லை. சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கை கால் தளர்ந்தது, சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பி வரவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். 'மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது' என்று சொல்லும் வாயை நான் இந்தக் கதையைச் சொல்லித்தான் அடைப்பேன்.

கலப்படம் பற்றியும் நாலு வார்த்தை. ஆண்மைக்கு என்று விற்கும் மூலிகை மருந்து சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்கிறது என்றால் அதில் சில்டெனாபில் (வயாகரா மாத்திரையில் உள்ள மருந்து) கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள், மூலிகை எதுவும் அரை மணியில் அப்படி வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவன் அதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. சீனி வியாதிப் பொடியில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் கலந்திருந்து பிடிபட்டதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. நீரிழிவைக் குணமாக்குவோம், ஆண்மையைக் கூட்டுவோம் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்டு மூத்திரப்புரைச் சுவரைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பது யாருக்கும் தெரியாது. டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், என்னென்ன எவ்வளவு என்ற விவரம் மூன்றும் இல்லையென்றால் வாங்க வேண்டாம், குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டே விற்கிறவன் பேச்சைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

பாளையங்கோட்டையிலேயே 1964ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாட்டில் அரசு தொடங்கிய முதல் சித்த மருத்துவக் கல்லூரி, அங்கே மருத்துவமனையும் உண்டு. மூலிகை சாப்பிட்டே தீருவேன் என்கிறவன் அங்கே போய் உட்கார்ந்து, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் காட்டி, முறையாகச் சாப்பிடட்டும், எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. மாப்பிள்ளையையும் அங்கே அனுப்பினேன். போய் வந்து, "அந்த டாக்டரம்மா மொதல்ல எச்.பி.ஏ.ஒன்.சி. பாத்துட்டு வாங்கன்னுட்டாங்க அத்தான், நான் லேகியம் குடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான். எனக்கு அந்த டாக்டரம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது.

எச்.பி.ஏ.ஒன்.சி. என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலவரம். விந்தணு ஒன்று உருவாகச் சுமார் 74 நாள், பிறகு விதைக்குப் பின்னால் உள்ள குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள், ஆக அதுவும் ஏறத்தாழ மூன்று மாதம். இன்றைக்கு வருகிற விந்தணு மூன்று மாதத்துக்கு முன் உடம்பு எப்படி இருந்ததோ அந்த நிலையில் கருவானது. அதனால் 15 நாளில் எண்ணிக்கை கூடும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எடையைக் கொஞ்சம் இறக்கி, பீடி சிகரெட்டை விட்டு, அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, மூன்று மாதம் கழித்து இரண்டு டெஸ்டையும் சேர்த்து எடுத்துப் பார்த்தால் ஒன்று எப்படி இன்னொன்றை இழுக்கிறது என்பது தாளிலேயே தெரியும். இதை எல்லாம் செய்துகொண்டே சித்த மருத்துவர் கொடுத்த அமுக்கராவும் சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாதுதான். பிள்ளை வேண்டுகிறவனுக்கு அந்தக் கவலை எதற்கு, அது என்னைப் போன்ற ஆய்வகக்காரனுக்கு வேண்டிய கவலை.

இந்த விந்து டெஸ்டுக்கு ஆம்பளைகளைக் கூட்டிப்போவதுதான் பெரும்பாடு. பிள்ளையில்லை என்றதும் பெண்ணை ஸ்கேன், ஹார்மோன், கர்ப்பப்பைக் குழாய்ப் பரிசோதனை என்று அலைக்கழித்துவிட்டு, கோவில் கோவிலாக விரதமும் இருக்க வைத்துவிட்டு, கடைசியில்தான் இவன் வருவான். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. பெண்ணுக்குச் செய்கிற எந்தச் சோதனையையும்விட இவனுக்குச் செய்வது எளிது, வலி கிடையாது, செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட அளவுப்படி ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், நீந்துவது 42 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். இவை பாஸ் மார்க் இல்லை. ஒரு வருஷத்துக்குள் பிள்ளை உண்டான ஆண்களை வரிசைப்படுத்தினால் கடைசி 5 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள், அவர்களுக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் குறைந்தால் உடைந்துபோக வேண்டாம், சில வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

எடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் கணக்கு தப்பும். வீட்டில் எடுத்துக் கொண்டுபோகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், லேப் கொடுக்கிற டப்பாவிலேயே எடுக்க வேண்டும், சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது, அதில் தடவியிருப்பது விந்தணுவைக் கொன்றுவிடலாம். குளிரவும் விடக்கூடாது, ஏசி பஸ் ஜன்னலோரம் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது கீழே சிந்திவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதில்தான் விந்தணு அதிகம் இருக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கமிருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரக் கணக்கு சரிப்படாது, போன் போட்டு லேபிலேயே அறை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.